தோத்த மீனுக்கு ஒரு மூலை

தம்பி,

நீ அனுப்பின போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். பவுடர் ப்ளூவோட பக்கவாட்டுல, வாலுக்குக் கொஞ்சம் முன்னாடி, வெள்ளையா ஒரே நேர்க்கோட்டுல வெட்டு. மேல் துடுப்புல ரெண்டு இடத்துல கிழிசல். ‘கல்லுல உரசியிருக்குமாக்கா?’ன்னு கேட்டிருக்கே. கல்லுல உரசினா செதில் திட்டா உரியும், இவ்வளவு சுத்தமா கோடு விழாது. வெட்டு உன் மஞ்சள் டேங்கோட வேலை. துடுப்புக் கிழிசல் அனேகமா அந்த டோமினோ டாம்சல்.

டேங் குடும்பத்து மீன்களுக்கு வால் ஆரம்பிக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் கத்தி உண்டு. மஞ்சள் டேங், பவுடர் ப்ளூ, டோரி எல்லாத்துக்கும் அது ஒரு பள்ளத்துல மடங்கிக் கிடக்கும், வாலை வளைச்சு வீசும்போது வெளிய நீட்டும். யூனிகார்ன் டேங்குக்கு மடங்கவே மடங்காது. ரெண்டு டேங் பக்கத்துல பக்கத்துல, ஒண்ணோட தலைக்கு நேரா இன்னொண்ணோட வால் வர்ற மாதிரி நின்னு, துடுப்பு மொத்தத்தையும் விரிச்சுக்கிட்டு இருந்தா, அடுத்தது வெட்டுதான். இனிமே அதைப் பார்த்தா போட்டோ எடுத்துக்கிட்டு நிக்காதே.

இன்னிக்கு ராத்திரியே பவுடர் ப்ளூவைத் தனியா எடுத்துடு. ‘ரெண்டு நாள்ல பழகிடும் சார்’னு கடைக்காரர் சொல்வார். துடுப்பு நுனி லேசா கிழியற வரைக்கும் அந்தப் பேச்சு சரிதான். உடம்புல வெட்டு, கண் மங்கல், வாயில காயம், சாப்பாடு போட்டாலும் வெளிய வராம ஓவர்ஃப்ளோ பெட்டிக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு நிக்கிறது, இதுல எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. எல்லாரும் அடிக்கிற மீனையே பார்த்துத் திட்டிக்கிட்டு இருப்பாங்க. நீ அடி வாங்கற மீனைப் பாரு. அது சாப்பிடுதா, ராத்திரி ஒரே இடத்துல தூங்குதா, துரத்தினா ஓடி ஒளிய அதுக்கு ஒரு பொந்து இருக்கா. கடல்ல தோத்த மீன் நாலு அடி நீந்திட்டா சண்டை முடிஞ்சுது. உன் தொட்டியோட மொத்த நீளமே நாலு அடி.

பிடிக்கிறதுக்கு வலை வேண்டாம். கத்தி வலையில மாட்டிக்கும், அதை விடுவிக்கிறதுக்குள்ள மிச்சம் இருக்கிற துடுப்பும் போயிடும், உன் விரலும் வெட்டுப்படும். விளக்கை அணைச்சு ஒரு மணி நேரம் விடு. மீன் கல் இடுக்குல போய்ப் படுத்ததும் டார்ச் அடிச்சு, வாய் அகலமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள மெதுவா ஓட்டு. தண்ணியோடவே தூக்கு. கையில ஏற்கெனவே காயம் இருந்தா க்ளவுஸ் போட்டுக்கோ. மைக்கோபாக்டீரியம் மரைனம்னு ஒரு பாக்டீரியா மீன் தொட்டித் தண்ணியில இருக்கலாம். அது வெட்டுக்காயம் வழியா ஏறினா விரல்ல கட்டி கட்டியா வரும், மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடணும்.

<b>தனித் தொட்டி</b>

இதுக்குப் பெரிய செலவு இல்லை. எண்பது லிட்டர் பிடிக்கிற வெறும் தொட்டி ஒண்ணு. மணலும் கல்லும் வேண்டாம். மீன் நுழையற அளவுக்கு ரெண்டு பிவிசி பைப் துண்டு, ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், மேல ஒரு மூடி. ஸ்பான்ஜ் ஒண்ணை எப்பவும் பெரிய தொட்டியோட சம்ப்ல போட்டு வெச்சிரு. அதுல பாக்டீரியா ஏறித் தயாரா இருக்கும். இப்ப உன்கிட்ட அப்படி இல்லைன்னா, புது ஸ்பான்ஜை நம்பாதே. தினமும் அம்மோனியா டெஸ்ட் பண்ணி, பெரிய தொட்டித் தண்ணியை எடுத்தே கொஞ்சம் கொஞ்சமா மாத்து. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துல இருந்தா, சாதாரண துடுப்புக் கிழிசல் எந்த மருந்தும் இல்லாமலே ரெண்டு மூணு வாரத்துல வளர்ந்துடும். துடுப்போட வேர் வரைக்கும் கடிச்சு எடுத்திருந்தா மட்டும் அந்த இடம் திரும்ப முழுசா வராது.

நல்ல தண்ணி மீன் வளர்த்த பழக்கத்துல, காயம்னதும் உனக்குக் கல்லுப்பு ஞாபகம் வரும். கப்பி, கோல்டு ஃபிஷ்ஷுக்கு அதுல அர்த்தம் இருக்கு. அந்த மீனோட உடம்புல இருக்கிற உப்பு வெளித் தண்ணியை விட அதிகம், தோல் கிழிஞ்சா தண்ணி உள்ள ஏறும், வெளியில கொஞ்சம் உப்பு போட்டா அந்தச் சுமை குறையும். கடல் மீனுக்குக் கதை தலைகீழ். கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் போல உப்பு, மீனோட ரத்தத்துல இருக்கிறது அதுல மூணுல ஒரு பங்குதான். தோல் கிழிஞ்ச இடத்துல அதோட உடம்புத் தண்ணி வெளிய கசியும். அதை ஈடுகட்டக் கடல் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு, கூடுதல் உப்பைச் செவுள் வழியா வெளிய தள்ளணும். காயம் பட்ட நேரத்துல இது அதுக்குப் பெரிய வேலை. அதனால தனித் தொட்டியில உப்பைக் குறைக்கத்தான் வேணும். ரிஃப்ராக்டோமீட்டர்ல 1.025 இருக்கிறதை ரெண்டு மூணு நாள்ல மெதுவா 1.020 பக்கம் கொண்டு வா. திரும்ப ஏத்தும்போது அதை விட மெதுவா ஏத்து. இறாலும் பவளமும் இருக்கிற பெரிய தொட்டியில இதைச் செய்யவே கூடாது.

அதே மாதிரி காப்பர் மருந்து. அது வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணிக்கு, காயத்துக்கு இல்லை. பெரிய தொட்டியில ஊத்தினா இறால், நண்டு, நத்தை எல்லாம் செத்துடும். பவுடர் ப்ளூ வெள்ளைப்புள்ளிக்குப் பேர் போன மீன், அடிபட்டுச் சோர்ந்து போன நேரத்துல அது வரலாம். அதனால தினமும் பக்கவாட்டுல டார்ச் அடிச்சுத் தோலைப் பாரு. உப்புப் பொடி தூவின மாதிரி புள்ளி தெரிஞ்சா அப்ப காப்பரை யோசிக்கலாம், அதுவும் தனித் தொட்டியில, டெஸ்ட் கிட் வெச்சு அளந்து.

சாப்பாடு: நோரித் தாள், உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேர்க்காதது. கூடவே மைசிஸ். முதல் நாள் தொடாம இருந்தா பயப்படாதே. வாய் உடைஞ்ச மீன்தான் உண்மையான கவலை. ரெண்டு மீன் வாயோட வாய் கவ்விச் சண்டை போட்டுத் தாடை பிசகிடுச்சுன்னா, பசி இருந்தும் அதால கடிக்க முடியாது. அப்ப மெத்துன்னு பொடியா நறுக்கின இறாலை மூக்குக்கு முன்னாடியே விடணும்.

<b>கடியா, நோயா?</b>

இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. ஒரு கண் மட்டும் வீங்கினாலோ மங்கினாலோ அது அடியா இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு கண்ணும்னா தண்ணியையோ நோயையோ சந்தேகப்படு. கடிபட்ட துடுப்பு திடீர்னு கிழியும், ஓரம் சுத்தமா இருக்கும், நாளாக நாளாக மேம்படும். துடுப்பு அழுகல்னா ஓரம் வெள்ளையாவோ சிவப்பாவோ கரைஞ்சுக்கிட்டே உள்ள போகும்.

க்ரீன் க்ரோமிஸோட பக்கத்துல சிவப்பா ரணம் வந்தா, ‘யாரோ கடிச்சுட்டாங்க’ன்னு டாம்சலைப் பிடிச்சுக் கொடுத்துடாதே. யூரோனீமாங்கிற ஒட்டுண்ணி க்ரோமிஸுக்கு இப்படித்தான் வரும், ரொம்ப வேகமாக் கொல்லும். நீமோ உடம்புல சளி சளியா தோல் உரிஞ்சு மூச்சு வாங்கினா அது ப்ரூக்ளினெல்லா, அதுவும் சண்டை இல்லை. காயத்துல பஞ்சு மாதிரி படர்ந்தாலோ, சிவப்பு நாளுக்கு நாள் அகலமானாலோ நீயா ஆன்டிபயாட்டிக் வாங்கி ஊத்தாதே. மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு மாதவரத்துல வளாகம் இருக்கு, மீன் நோய் தெரிஞ்சவங்ககிட்ட போய்க் கேளு.

<b>ஏன் இந்த ரெண்டுக்கும் ஆகலை</b>

மஞ்சள் டேங் ஹவாய் பக்கத்து பசிபிக் மீன். பவுடர் ப்ளூ நம்ம இந்தியப் பெருங்கடல் மீன். கடல்ல ரெண்டும் சாதாரணமா சந்திச்சிருக்கவே வாய்ப்பில்லை. ஆனா தட்டையான அதே உடம்பு, கல்லுல பாசி மேயற அதே வாய், பகல் முழுக்க நீந்திக்கிட்டே இருக்கிற அதே குணம். மஞ்சள் டேங்குக்கு அது போதும்.

கொன்ராட் லோரன்ஸ்னு ஓர் ஆஸ்திரிய விஞ்ஞானி, 1973-ல நோபல் வாங்கினவர். சண்டைக் குணத்தைப் பத்தி 1963-ல அவர் எழுதின புத்தகம் பவளப்பாறை மீன்கள்ல இருந்துதான் ஆரம்பிக்கும். பாறை மீன்கள் வேற இனத்தை விடத் தன் இனத்தைத்தான் வெறியோட தாக்குதுன்னு கடல்லயும் தன் தொட்டியிலயும் பார்த்து எழுதினார். கண்ணைப் பறிக்கிற நிறம் எல்லாம் ‘இது என் இடம்’னு சொல்ற போஸ்டர்னு அவர் சொன்ன விளக்கத்தைப் பின்னாடி வந்தவங்க முழுசா ஏத்துக்கலை. ஆனா மீன் வாங்கும்போது முதல் பாதி அப்படியே உதவும். ஒரே இனம், அது இல்லைன்னா ஒரே உருவம், அதுவும் இல்லைன்னா ஒரே சாப்பாடு. இதுல எத்தனை ஒத்துப்போகுதோ அவ்வளவு சண்டை. நாலடித் தொட்டியில ஒரு டேங் இருக்கிறதே என் கணக்குல தாராளம். பவுடர் ப்ளூவுக்கு ஆறடி நீளத்துக்குக் கீழ யோசிக்கவே வேண்டாம்.

இன்னொரு விஷயம், யார் முதல்ல வந்தாங்கங்கிறது. அன்ரிசர்வ்டு பெட்டியில முதல்ல ஏறிக் கால் நீட்டினவன் கதைதான் உன் டோமினோ. தொட்டி சைக்கிள் ஆகறதுக்கு, அதாவது அம்மோனியாவைத் தின்னற பாக்டீரியா ஏறறதுக்கு, ‘சாகாது, சீப்’னு கடையில டாம்சலைத் தள்ளி விடுவாங்க. அது அம்மோனியாவைத் தாங்கிப் பிழைச்சு, கடைசியில தொட்டி மொத்தமும் தன்னோடதுன்னு முடிவு பண்ணிடும். சின்னதுல மூணு வெள்ளைப் பொட்டோட அழகா இருக்கும் டோமினோ, வளர்ந்தா 12, 13 சென்டிமீட்டர் வரும், பொட்டு மங்கிடும், குணம் மட்டும் மங்காது. சைக்கிள் பண்ண மீனே வேண்டாம். பாட்டில்ல வர்ற அம்மோனியமும் பாக்டீரியாவும் போதும்.

நீமோ ரெண்டையும் பத்தி அம்மா போன்ல புலம்பினாங்க, ‘பெருசு சின்னதை மிரட்டிக்கிட்டே இருக்கு’ன்னு. அதை விடு. நீமோல கூட்டத்துலயே பெருசா இருக்கிறது பெண், அடுத்தது ஆண், மிச்சம் எல்லாம் ரெண்டும் ஆகாத குட்டிகள். பெண் போயிட்டா அந்த ஆணே பெண்ணா மாறிடும். பெண்ணோட இந்த அதட்டல்தான் ஆணை அப்படி மாற விடாம வெச்சிருக்குன்னு ஃப்ரிக்கே ஆய்வாளர்கள் 1977-லயே எழுதிட்டாங்க. சின்னது பக்கவாட்டுல சாஞ்சு உடம்பை வெடவெடன்னு உதறுச்சுன்னா, ‘சரி தாயே, நீதான் பெரியவ’ன்னு அர்த்தம். ஜோடி நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் ஒரே அளவு பெருசா, ரெண்டுமே உதறாம நின்னாத்தான் ஆபத்து. ரெண்டு பெண்ணை ஒண்ணா விட்டா ஒண்ணு சாகற வரைக்கும் போகும். ஜோடி சேர்க்கணும்னா எப்பவும் ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது.

க்ரோமிஸ் அஞ்சு வாங்கிக் கூட்டமா விடலாம்னு உனக்கு ஆசை இருக்குன்னு தெரியும். கடல்ல நூத்துக்கணக்குல கூட்டமாப் போற மீன், தொட்டியில மாசத்துக்கு ஒண்ணா குறைஞ்சு ஒண்ணு ரெண்டுல வந்து நிக்கிறதைத்தான் நிறைய பேர் பார்க்கிறாங்க. ராயல் கிராமாவும் டாட்டிபேக்கும் ஊதாவும் மஞ்சளுமா ஒண்ணு போலவே இருக்கும், ஒண்ணாச் சேர்க்காதே. சிங்க மீன், களவா மாதிரி வாய் பெருசா இருக்கிறதோட, அந்த வாய்க்குள்ள போற அளவு மீனை வெச்சா அதுக்குப் பேர் சண்டை இல்லை, சாப்பாடு.

<b>புது மீன் விடும்போது</b>

சாதுவானதை முதல்ல விடணும், ரௌடியைக் கடைசியில. அந்த வரிசை உன் தொட்டியில ஏற்கெனவே கலைஞ்சு போச்சு, அதனால வேற வழி. ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டி கிடைக்கும், தொட்டிக்குள்ளயே கண்ணாடியில தொங்க விடலாம். புது மீனை அதுல ஒரு வாரம் போல வை. பழசுங்க வந்து பெட்டியை முட்டும், வாலை வீசும், வெட்ட முடியாது. ரெண்டு மூணு நாள்ல சலிச்சுப் போய் விலகினா நல்ல சகுனம். வாரம் ஆகியும் எதிர்லயே நின்னு முட்டிக்கிட்டு இருந்தா பெட்டியைத் திறக்காதே, மீனைத் திருப்பிக் கொடு. நான் யாருக்காவது ஒரே ஒரு சாமான் சிபாரிசு பண்ணணும்னா இந்தப் பெட்டிதான்.

திறந்து விடற அன்னிக்குக் கல்லை இடம் மாத்தி அடுக்கு. பழைய மீனோட எல்லை கலைஞ்சு போய் அதுவும் புதுசா இடம் தேட ஆரம்பிக்கும். அடுக்கும்போது ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய வர்ற மாதிரி பொந்து வேணும். முட்டுச்சந்துப் பொந்துல தோத்த மீன் மாட்டிக்கிட்டு இன்னும் அடி வாங்கும். பழசுங்களுக்கு வயிறு நிறையப் போட்டுட்டு, விளக்கை அணைச்ச பிறகு விடு. நோரியை ரெண்டு கோடியிலயும் ரெண்டு க்ளிப்ல மாட்டு. ஒரே இடத்துல மாட்டினா பெரியவர் அங்கேயே காவல் நிப்பார்.

டேங் ரொம்ப முறைச்சா தொட்டிக்கு வெளியில, கண்ணாடிச் சுவர்ல ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்ச்சு வை. தன் பிம்பத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும், புதுசு அதுக்குள்ள இடம் பிடிச்சுக்கும். ரெண்டு மூணு நாளைக்கு மேல வெச்சா அந்த டேங்குக்கே ஓய்வு இல்லாம போயிடும்.

மூடி போடாத தொட்டி வேண்டவே வேண்டாம். ஃபயர் ஃபிஷ், ராஸ், கோபி எல்லாம் துரத்தினா மேல தாவும். காலையில சோபாவுக்குப் பின்னாடி காய்ஞ்சு கிடக்கும், வீட்டுல பூனையைத் திட்டுவாங்க. வலை மூடி போதும், காத்தும் போகும். சென்னை வெயில்ல சில்லர் நின்னு, கரண்ட்டும் போச்சுன்னா முதல்ல சாகறது துரத்தப்பட்ட மீன்தான். சூடான தண்ணியில ஆக்ஸிஜன் குறைவு, ஓடின மீனுக்கு அது அதிகமா வேணும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கையோட இருக்கட்டும்.

<b>பழி ஓரிடம்</b>

காலையில எழுந்து பார்த்தா செத்த மீனைச் சந்நியாசி நண்டும் ப்ரிஸில் வார்மும் தின்னுக்கிட்டு இருக்கும். உடனே அவங்கதான் கொலைகாரங்கன்னு முடிவு பண்ணிடாதே, பெரும்பாலும் ஏற்கெனவே செத்ததைத்தான் சுத்தம் பண்றாங்க. சந்நியாசி நண்டுக்கு அளவு அளவா காலிச் சங்கு போட்டு வை, இல்லைன்னா நத்தையைக் கொன்னு அதோட கூட்டைப் பிடுங்கும். ராத்திரி தொட்டியில டிக் டிக்னு சத்தம் கேட்டு, ஒண்ணொண்ணா காணாம போனா, கல்லோட ஒளிஞ்சு வந்த மான்டிஸ் இறாலா இருக்கலாம். இங்கிலாந்துல நியூகீ ஊரு ப்ளூ ரீஃப் அக்வேரியத்துல மீனுக்கும் பவளத்துக்கும் யாரு காயம் பண்றாங்கன்னு தெரியாம கடைசியில 2009-ல தொட்டியையே பிரிச்சுப் பார்த்தாங்க. உள்ள நாலடி நீளத்துக்கு ஒரு கடல் புழு. காட்சி வைக்கிறதையே தொழிலா வெச்சிருக்கிற இடத்துலயே அப்படின்னா, நம்ம வீட்டுக் கல்லை நம்ப முடியுமா?

க்ளீனர் ராஸ் வாங்கப் போறதா சொன்னே. அது வீட்டுத் தொட்டியில பட்டினியா சாகறதுதான் அதிகம், வேண்டாம். அப்படியும் கேட்காம வாங்கினா வாயைப் பாரு. நிஜ க்ளீனருக்கு வாய் முகத்து நுனியில இருக்கும். அச்சு அசலா அதே நீலக்கோட்டோட வர்ற போலிக்கு, ப்ளென்னி வகை அது, வாய் மூக்குக்குக் கீழ தள்ளி இருக்கும். சுத்தம் பண்ண வர்ற மாதிரி கிட்ட வந்து துடுப்பைக் கடிச்சுட்டுப் போயிடும்.

இனி டோமினோ. அதைப் பிடிக்கக் கல்லு எல்லாத்தையும் பிரிக்க வேண்டாம். ஒரு லிட்டர் பெட் பாட்டில் கழுத்தை வெட்டித் தலைகீழாச் சொருகி, உள்ள இறால் துண்டு போட்டு, மணல் மேல படுக்க வை. ஒரு நாள் முழுக்க வேற சாப்பாடு போடாதே. டாம்சல் பேராசைக்காரன், பெரும்பாலும் முதல்ல நுழையறதே அவன்தான். பவுடர் ப்ளூவும் ஆறினப்புறம் இந்தத் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. விலை கொடுத்து வாங்கினோமேன்னு இருக்கும், தெரியும். ஆறடித் தொட்டி வெச்சிருக்கிற யாராவது மாத்திக்கக் கேட்பாங்க, அதை விடச் சின்னதுக்குக் கொடுக்காதே. ரெண்டையும் மெரினாவுல கொண்டு போய் விடற யோசனை மட்டும் வேண்டாம். தொட்டியில எந்த ஊர் மீனோட நோயை எல்லாம் ஏத்திக்கிச்சோ, அதைக் கடல்ல விடறது சரியில்லை. 1985-ல ஃப்ளோரிடா பக்கம் தென்பட்ட ஒரு சிங்க மீன்ல ஆரம்பிச்சு, இன்னிக்கு கரீபியன் கடல் முழுக்க அது பரவிக் கிடக்கு. தொட்டிக்காரங்க விட்டதுதான் மூலம்னு சொல்றாங்க.

டோமினோவை வாங்கின கடையிலயே பெரும்பாலும் திருப்பி எடுத்துக்குவாங்க, காசு தர மாட்டாங்க, கேட்டுச் சண்டை போடாதே. மூடி போட்ட பக்கெட்டுல, ஏர் ஸ்டோன் போட்டு எடுத்துட்டுப் போ. போறதுக்கு முன்னாடி போன் பண்ணி அவங்ககிட்ட காலித் தொட்டி இருக்கான்னு கேட்டுக்கோ. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல போனா வேற ஏதோ மீன் மேல கொட்டிடுவாங்க.

— அக்கா